மாமாவுக்கு ஒரே ஒரு கியர்

ஊசியின் மாமா ஒருமுறை மேட்டுச் சாலையில் சைக்கிளில் இறங்கிய வேகத்தில் அவருடைய நிழல் பின்தங்கிவிட்டது. மாமா வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, துண்டால் முகம் துடைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அது மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றது.

இதைப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். சொன்னவரும் அவர்தான். இருந்தாலும் ஊரில் எல்லாரும் நம்பினார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மாமா முடிதிருத்துபவர். வந்தவருக்குப் பாதித் தலை வெட்டி முடித்த பிறகுதான் கதையை எடுப்பார். “நிழலுக்கு எப்படிங்க மூச்சு வாங்கும்?” என்று யாராவது கேட்டால் கத்தரி நின்றுவிடும். அப்படியே காற்றில் நிற்கும். பாதித் தலையோடு யார் தெருவில் இறங்கி நடப்பார்கள்?

“வாங்கும், வாங்கும்! நல்லாவே வாங்கும்!” என்பார் நாற்காலியில் இருப்பவர்.

கத்தரி மறுபடி கிளம்பும்.

மாமாவின் கடை மேட்டுச் சாலையின் உச்சியில் இருந்தது. வீடு கீழே, சமதரையில். அது ஊசியின் வீடுதான். மாமா ஊசியின் அம்மாவுக்கு அண்ணன். முன்னறையில் அவர் குடியிருந்தார். சைக்கிளும் அங்கேதான் குடியிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மாமாவைவிடக் கொஞ்சம் சௌகரியமாகவே.

ஊசி என்பது பட்டப்பெயர். ஒல்லியாக உயரமாக இருப்பதால் வந்தது என்பாள் அம்மா. குத்துகிற மாதிரி கேள்வி கேட்பதால் வந்தது என்பார் அப்பா. பதினோரு வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே பொருந்தியது.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பழைய பந்தய சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், வெளிறிய பச்சை நிறம். பின்சக்கரத்தின் நடுவே ஐந்து பல்சக்கரங்கள் தட்டுகளை அடுக்கியது போல, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கும். செயின் ஆகச் சிறிய சக்கரத்தில் ஓடினால் சைக்கிள் பறக்கும். ஆனால் மிதிப்பது, பீரோவைத் தள்ளுவது மாதிரி இருக்கும். ஆகப் பெரிய சக்கரத்தில் ஓடினால் மெதுவாகத்தான் போகும். ஆனால் கால் லேசாகச் சுற்றும், எந்த மேட்டையும் ஏறிவிடலாம்.

மாமா அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். ஆகச் சிறியது சிங்கச் சக்கரம். ஆகப் பெரியது பாப்பாச் சக்கரம்.

“மேட்டுச் சாலையை நான் எப்பவும் சிங்கத்துலதான் ஏறுவேன். பாப்பாவை நான் தொட்டதே இல்ல. அது பாவம், தன் வேலை என்னன்னே தெரியாம சுத்திக்கிட்டிருக்கு” என்பார் கடையில்.

கத்தரி கையில் இருக்கும். எல்லாரும் தலையாட்டுவார்கள். ரொம்ப ஆட்டவும் முடியாது, காது போய்விடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா விழ ஆரம்பிக்கும் வரை.

முதல் தடவை ரொட்டிக் கடை வாசலில், மேடு தொடங்கும் இடத்தில் விழுந்தார். “பூமி கொஞ்சம் நகர்ந்துடுச்சு” என்றார். இரண்டாவது தடவை விழுந்தபோது, “ஒரு எறும்பு குறுக்கே வந்துச்சு, அதுக்கு வழி விட்டேன்” என்றார். மூன்றாவது தடவை விழுந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அது கிறீச்சென்று நின்றபோது முன்சக்கரத்துக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கத்தான் இடம் இருந்தது.

பஸ்ஸை ஓட்டி வந்தது ஊசியின் அம்மா.

அன்று மாலை வீட்டில் பேச்சு சூடாக இருந்தது. மாமா முகவாயில் பிளாஸ்திரியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏண்ணே, பிரேக் பிடிக்காம இருந்திருந்தா?” என்றாள் அம்மா.

“நீ ஓட்டும்போது பிடிக்காம இருக்குமா, தங்கச்சி?”

“ஐஸ் வைக்காதே! கை உடைஞ்சா அப்புறம் கத்தரியை எதால பிடிப்பே? கால்லயா?”

“பழகினா கால்லயும் பிடிக்கலாம்...”

“அண்ணே!”

மாமா முகவாய்ப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார். சைக்கிளைப் போட்டுடலாம். வயசாகுது, ஒத்துக்கோ. இனிமே என் பஸ்லயே கடைக்கு வா” என்றாள் அம்மா. அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அதனால்தான் மாமா எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் மாமா பஸ்ஸில் போனார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு கதையை ஆரம்பித்தார். முன்னால் கண்ணாடியில் தங்கையின் இரண்டு கண்கள் தெரிந்தன. கதை தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது.

கடையிலும் அது வெளியே வரவில்லை. அன்று முடி வெட்டிக்கொண்ட தபால்காரர் பயந்துபோய் ஊசியின் வீட்டுக்கே வந்தார்.

“என்னம்மா ஆச்சு உங்க மாமாவுக்கு? முழுத் தலையும் வெட்டி முடிச்சிட்டார், ஒரு கதைகூடச் சொல்லல. ‘ஆச்சு, எழுந்திருங்க’ன்னு மட்டும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

ஊசி முன்னறையை எட்டிப் பார்த்தாள். மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, மூணு தடவையும் ஒரே இடத்துலதானே விழுந்தீங்க?”

“ஆமா, மருமகளே. ரொட்டி வாசனைல கொஞ்சம் மயங்கிட்டேன் போல.”

“வயசானா எல்லா இடத்துலயும்தானே விழணும்? ஏன் அங்க மட்டும் விழறீங்க?”

மாமா துடைப்பதை நிறுத்தினார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது.

“எப்படி விழுந்தீங்கன்னு செஞ்சு காட்டுங்க” என்றாள் ஊசி.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் அது நடந்தது. மாமா சைக்கிளில் உட்கார்ந்தார். சாயாமல் இருக்க அப்பா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். முன்னெச்சரிக்கையாகத் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

“இப்ப சமதரை. போறீங்க, போறீங்க... ரொட்டிக் கடை வந்துடுச்சு. மேடு!” என்றாள் ஊசி.

மாமாவின் வலது கை ஹேண்டில்பாரை விட்டுக் கீழே போனது. சைக்கிளின் சாய்ந்த குழாயில், முழங்கால் பக்கத்தில், கியர் மாற்றும் குட்டி லீவர் இருந்தது. கை அதைத் தேடியது. கையோடு கண்ணும் போனது. கண்ணோடு தலையும் போனது. முன்சக்கரம் சட்டென்று திரும்ப, மாமா முழுசாக அப்பாவின் மேல் சாய, இருவரும் காயப்போட்ட துணிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்கள்.

“மச்சான், நான் கீழே இருக்கேன்” என்றது துணிகளுக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல்.

“தெரியுது மாப்ள. அதான் வலிக்கல” என்றார் மாமா.

ஊசி கைதட்டினாள். “கண்டுபிடிச்சிட்டேன்! நீங்க வயசானதால விழல. லீவரைத் தேடறதால விழறீங்க. ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருந்தா விழவே மாட்டீங்க! ஆமா, மேட்டுக்குக் கீழே எதுக்கு லீவரை இழுக்கறீங்க?”

“சிங்கத்தை எழுப்பத்தான்” என்றார் மாமா, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

“அப்ப லீவரே வேண்டாம். கியர் மாத்தவே வேண்டாம். பின்னாடி ஒரே ஒரு சக்கரம் மட்டும் போட்டுடலாம். ஒரே கியர்!”

அம்மா கையைக் கட்டிக்கொண்டு பின்வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். துணிகளுக்குள்ளிருந்து வெளியே வந்த கணவரைப் பார்த்தாள்.

“சரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். ஒழுங்கா ஏறினா சைக்கிள் இருக்கட்டும். இல்லேன்னா போயிடும். அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக்கூடாது” என்றாள்.

மறுநாள் எல்லாரும் ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கும் ‘சைக்கிள் அக்கா’வின் பட்டறைக்குப் போனார்கள். அங்கே கூரையிலிருந்து டயர்கள் தொங்கும். மூலையில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அக்கா பச்சை சைக்கிளை இரண்டு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

“நல்ல சைக்கிள். ஒரே கியரா மாத்திடலாம். வீலை நல்லா நேரா வச்சுக் கட்டணும், அவ்வளவுதான்” என்றாள்.

லீவர்கள் கழன்றன. நீளமான கம்பிகள் கழன்றன. செயினை இங்கும் அங்கும் தள்ளும் குட்டிக் கை கழன்றது. ஐந்து சக்கர அடுக்கு மட்டும் வர மறுத்தது. அக்கா அடுக்கைக் கழற்றும் பிடிப்பானை மேசையோரத்து இரும்பு இறுக்கியில் மாட்டி, அதன் மேல் பின்சக்கரத்தைப் பொருத்தினாள். ஊசி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் டயரைப் பிடித்து, லாரி ஸ்டியரிங் போலத் திருப்பினார்கள். ‘டக்’கென்று பெரிய சத்தத்தோடு அது வந்தது. மேலெல்லாம் கறுப்பு அழுக்கு, களிம்பு மாதிரி.

“இதை நான் வச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள் ஊசி.

“வச்சுக்கோ. இனிமே அதுக்கு வேலை இல்ல” என்ற அக்கா, மாமாவிடம் திரும்பினாள். “சொல்லுங்க. எந்த அளவுல சக்கரம் போடட்டும்?”

பட்டறையில் தபால்காரர் இருந்தார். ரொட்டிக் கடைக்காரர் டயருக்குக் காற்றடிக்க வந்திருந்தார். அப்பா இருந்தார்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். “இது ஒரு கேள்வியா? சிங்கம்தான்!”

“மேடு இருக்கே?” என்றாள் அக்கா.

“மேட்டைக் கேட்டுப் பாருங்க, அதுவே சொல்லும்.”

இத்தனை வருஷமாகக் கேட்ட கதை. யாருக்குச் சந்தேகம் வரும்? அக்கா சிறிய சக்கரத்தையே போட்டாள். செயினில் சில கண்ணிகளைக் கழற்றிக் குட்டையாக்கினாள். மிதியோடு சுற்றும் பல்சக்கரமும் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் செயின் குதித்துவிடும் என்பதால், அக்கா பின்பல்சக்கரத்தை நகர்த்த மெல்லிய வளையங்களை ஒவ்வொன்றாகச் செருக, ஊசி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்து, “இன்னும் ஒரு வளையம் வைங்க... இன்னும் ஒண்ணு... போதும்!” என்று சொன்னாள்.

சைக்கிள் புதுசு போல ஆகிவிட்டது. கடகடவென்ற சத்தம் போய், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அமைதி வந்தது.

மறுநாள் காலை மாமா ராஜா மாதிரி கிளம்பினார். சமதரையில் பறந்தார். பள்ளிக்கூடத்துக்கு அதே வழியில் நடந்துபோன ஊசிக்குப் பெருமை தாங்கவில்லை. ரொட்டிக் கடை வந்தது. மாமாவின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. கொஞ்சம்கூட ஆடவில்லை. மேடு தொடங்கியது.

சைக்கிள் மெதுவானது. இன்னும் மெதுவானது. ஒரு நத்தை பக்கத்தில் வந்திருந்தால் இருவரும் குசலம் விசாரித்திருக்கலாம். கடைசியில் அது நின்றே விட்டது. மாமா காலைக் கீழே ஊன்றினார்.

ஊசி ஓடினாள். “என்னாச்சு மாமா?”

மாமா குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல மருமகளே, ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு.”

அவர் காலில் செருப்பு போட்டிருந்தார்.

மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கடை வாசலில் காத்திருப்பவர்கள் கண்ணில் படாத பின்சந்து வழியாக நடந்து போனார். பின்னாலிருந்து பார்க்க, சைக்கிள்தான் அவரைக் கைபிடித்து அழைத்துப் போவது போலிருந்தது.

அதற்கு அடுத்த நாளும் அதேதான். அன்று மாமா வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினார்.

“ஏன் இவ்வளவு சீக்கிரம், மச்சான்?” என்று அப்பா கேட்டார்.

“சைக்கிள் ரொம்ப வேகமாப் போகுது மாப்ள. சீக்கிரம் போய்ச் சேர்ந்துடறேன். அங்க போய்க் காத்திருக்க நேரம் வேணுமில்ல?”

அப்பா இதை யோசித்துக்கொண்டே பல் துலக்கினார். மத்தியானம் வரை யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு விளங்கியது. அவள் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தாள். சாயங்காலம் அண்ணனிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். “தள்ளிக்கிட்டுத்தானே போறே, அண்ணே?”

மாமா கதை எதுவும் சொல்லவில்லை.

“நீ சொன்னது சரிதான், தங்கச்சி. போன வாரம் வரைக்கும் ஏறினேன். இப்ப கால்ல பலம் இல்ல. வயசாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை அவரை வரச் சொல்லிடு.”

அம்மா எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். சைக்கிள் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். இப்போது அவள் நினைத்தபடியே நடந்தது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

ஊசிக்கு அழுகை முட்டியது. அழுதால் மாமா பார்த்துவிடுவார் என்று வீட்டுக்குப் பின்னால் போனாள். கை சும்மா இருக்கவில்லை. பழைய சக்கர அடுக்கை எடுத்து, கொஞ்சம் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அழுக்கு அடுக்கடுக்காக வந்தது. முதலில் சிங்கச் சக்கரம் தெரிந்தது. அதன் பற்கள் நேராக, தடிமனாக, கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்பு குலையாமல் இருந்தன. இத்தனை வருஷமாக மேடு ஏறிய சக்கரம் மாதிரியே இல்லை. பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது மாதிரி இருந்தது.

ஊசி அழுகையை மறந்தாள். வேகமாகத் தேய்த்தாள். ஆகக் கடைசியில் பாப்பாச் சக்கரம் வெளியே வந்தது.

அதன் பற்கள் எல்லாம் தேய்ந்து, மெலிந்து, ஒரு பக்கமாக வளைந்து, கொக்கி கொக்கியாக நின்றன.

அவள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராகச் சைக்கிள் அக்காவிடம் ஓடினாள்.

“அக்கா, சக்கரப் பல்லு எப்படித் தேயும்?”

“செயின் எதுல ஓடுதோ அது தேயும். ஓடாதது அப்படியே இருக்கும். ஏன்?”

ஊசி துணியைப் பிரித்தாள். அக்கா பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். மறுபடி சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அப்ப உங்க மாமா இத்தனை வருஷமா...”

“பாப்பாவுலதான் ஏறியிருக்கார்!”

“அவருக்கே தெரியாதா?”

ஊசி யோசித்தாள். “சொல்லிச் சொல்லி அவரே நம்பிட்டார்னு நினைக்கிறேன், அக்கா. இல்லேன்னா வயசாயிடுச்சுன்னு ஏன் அழற மாதிரி உட்கார்ந்திருக்கப்போறார்? அவர் கால்ல ஒரு குறையும் இல்ல. சக்கரம்தான் தப்பு.”

“ரொம்பச் சுலபம். இதை எடுத்துட்டுப் போய்க் காட்டு. நான் நாளைக்கே பெரிய சக்கரம் மாட்டித் தர்றேன்.”

ஊசி சக்கரத்தைத் திரும்பத் துணியில் சுற்றினாள். காட்டலாம்தான். ஆனால் மாமாவின் கடையில் எப்போதும் பெஞ்சு நிறைய ஆள் இருப்பார்கள். தபால்காரர் காதுக்கு இது போனால், தபாலைவிட முன்னால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் யார் தலையில் கத்தரி வைத்தாலும், “பாப்பா சௌக்கியமா?” என்றுதான் கேட்பார்கள். மாமா மேட்டை ஏறிவிடுவார். ஆனால் கடையில் தலைநிமிர்ந்து ஒரு கதை சொல்ல முடியாது.

“நீங்க சக்கரத்தை மட்டும் தயாரா வைங்க, அக்கா” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஊசி மேடு ஏறிக் கடைக்குப் போனாள். பெஞ்சு நிரம்பியிருந்தது. நாற்காலியில் ரொட்டிக் கடைக்காரர் பாதித் தலையோடு இருந்தார். கதை இல்லாததால் தூங்கிவழிந்துகொண்டிருந்தார்.

“மாமா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்” என்றாள் ஊசி எல்லாருக்கும் கேட்கும்படி.

“சொல்லு மருமகளே.”

“உங்க சைக்கிளை ஓட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.”

அது பொய் இல்லை. அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அந்த ஆசை இருந்தது.

“நேத்து பின்பக்கம் ஓட்டிப் பார்த்தேன். சிங்கச் சக்கரத்தை என்னால மிதிக்கவே முடியல.”

அதுவும் பொய் இல்லை. ஒரு மிதி மிதித்துவிட்டு, துணி காயப்போடும் கயிற்றில் தொங்கியிருந்தாள்.

“பெரிய சக்கரமா மாத்தினா நானும் ஓட்டலாம்னு சைக்கிள் அக்கா சொல்றாங்க. ஆனா அப்புறம் நீங்களும் அதுலதான் ஓட்டணும். உங்களுக்கு அது பிடிக்காது, எனக்குத் தெரியும். எனக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீங்களா, மாமா?”

கத்தரி காற்றில் நின்றது. பெஞ்சில் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஊசியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஊசி கண்ணை அகலமாகத் திறந்துவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றாள்.

“பாப்பாச் சக்கரத்துல... நானா?” என்றார் மாமா.

“ஆமா, மாமா.”

மாமா ஒரு பெருமூச்சு விட்டார். எதிரிலிருந்த கண்ணாடியே அதில் மங்கிப்போனது.

“கேட்டீங்களா, இந்தப் பிள்ளை கேக்கறதை?” என்றார் பெஞ்சைப் பார்த்து. “பெத்த பிள்ளை கேட்டாக்கூட நான் யோசிச்சிருப்பேன். ஆனா இவ என் மருமக. என்ன பண்றது? சிங்கத்தைக் கட்டிப்போட வேண்டியதுதான்.”

“பெரிய மனசுங்க உங்களுக்கு!” என்றார் தபால்காரர்.

“பெரிசுதான். சட்டை தைக்கும்போது அதுக்காகத் தையல்காரர் நெஞ்சுல கூடுதலா துணி கேப்பார்” என்றார் மாமா.

தூங்கிக்கொண்டிருந்த ரொட்டிக் கடைக்காரர் விழித்துக்கொண்டார். கதை திரும்பி வந்துவிட்டது என்று பெஞ்சு முழுக்க ஒரு நிம்மதி பரவியது.

அன்று சாயங்காலமே அக்கா பெரிய சக்கரத்தை மாட்டி, செயினைச் சரிபண்ணிக் கொடுத்தாள். வேலை முடியும்வரை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பை அடக்குவது நட்டை முடுக்குவதைவிடக் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊசி அம்மாவின் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ரொட்டிக் கடையைத் தாண்டியதும் முன்னால் பச்சை சைக்கிள் தெரிந்தது. மேட்டின் கால்வாசியில் இருந்தது.

அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

மாமாவின் கால்கள் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில். தலை நேராக. வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்கவில்லை. ஆடவில்லை. பாதி மேடு தாண்டியது. அவர் நின்று நின்று தள்ளிப்போன இடம் தாண்டியது.

“முந்திப் போங்கம்மா, நேரமாகுது!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அம்மா ஹாரனைத் தொடவில்லை. “முன்னாடி போறது யாருன்னு தெரியுதா? எங்க அண்ணன். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க என் பஸ்ஸால முடியாதுங்க” என்றாள்.

அவளுக்கும் கதை சொல்ல வரும் என்று ஊசிக்கு அன்றுதான் தெரிந்தது.

மேட்டு உச்சியில், கடை வாசலில், மாமா காலை ஊன்றி இறங்கினார். திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி விழுந்துவிட்டதாம்.

மத்தியானம் பழைய சாமான்காரர் வந்தார். அம்மா அவருக்கு லீவர்களையும் கம்பிகளையும் செயினைத் தள்ளும் குட்டிக் கையையும் கொடுத்தாள். ஊசி உள்ளே ஓடிப்போய், துணியில் சுற்றிய ஒன்றையும் கொண்டுவந்து அவர் கோணிப்பையின் அடியில் வைத்தாள்.

“சைக்கிள்னு சொன்னாங்களே?” என்றார் அவர்.

“அது வேலைக்குப் போயிருக்கு” என்றாள் அம்மா.

சாயங்காலம் மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சீட்டை இறக்கி, ஊசியை உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். சமதரையில் ஊசி கொஞ்சம் வளைந்து வளைந்து போனாள். ரொட்டிக் கடைக்கு வந்ததும் மேட்டில் மெதுவாக ஏற ஆரம்பித்தாள். கால் லேசாகச் சுற்றியது.

“மருமகளே” என்றார் மாமா பின்னாலிருந்து.

“சொல்லுங்க மாமா.”

“அந்தப் பழைய சக்கர அடுக்கு எங்கே?”

“பழைய சாமான்காரர் எடுத்துட்டுப் போயிட்டார், மாமா.”

“அழுக்கோடயா?”

ஊசி ஒரு மிதி மிதித்தாள். இன்னொரு மிதி மிதித்தாள். “இல்ல மாமா. நல்லா தேய்ச்சுக் கழுவித்தான் குடுத்தேன்.”

கொஞ்ச தூரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“வேற யாராவது பார்த்தாங்களா?”

“சைக்கிள் அக்கா மட்டும். அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களும் உங்ககிட்டதானே முடி வெட்டிக்கணும்?”

மாமாவின் சிரிப்பில் சைக்கிளே குலுங்கியது. ஊசி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள்.

“நல்லா மிதி, நல்லா மிதி” என்றார் மாமா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்னிக்குக் காலைல நான் இந்த மேட்டை ஏறினேன் இல்ல? அப்ப என்ன ஆச்சு தெரியுமா? சரியா இந்த இடத்துல ஒரு மேகம் கீழே இறங்கி வந்துச்சு. வந்து என் தோள்ல உட்கார்ந்துக்கிட்டு, ‘ரொம்பக் களைப்பா இருக்கு, மேலே வரைக்கும் கொண்டுபோய் விடுங்க’ன்னு ஒரே கெஞ்சல்...”

காலையில் ஊசி பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்து அந்த மேட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இருக்கவில்லை.

“அப்புறம், மாமா?” என்றாள்.